என் கைக்குத் தெரிந்தது

துரை, நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். துரை என்பது உன் பேர் இல்லை. பிறந்த அன்று பாலுக்குக்கூட அழாமல், யாராவது கொண்டுவந்து தரட்டும் என்று கண்ணை மூடிக் கிடந்தாய். "வெள்ளைக்காரத் துரை வந்து எறங்கிருக்காருட்டி, எழுந்து சல்யூட் அடி" என்று உன் அம்மாவைச் சிரிக்க வைத்தேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலிக்குது என்று என்னைத் திட்டினாள். அன்றிலிருந்து நீ துரை. அவளைச் சிரிக்க வைத்ததுதான் என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த வேலை என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒழுங்கான வேலை இல்லை என்பதைத்தான் இதில் சொல்லப் போகிறேன்.

போன வாரம் உன் வீட்டுக்காரி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "மாமா, நான் சொன்னேன்னு அவுககிட்ட சொல்லிராதிய" என்று ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல, "என்னத்தா, உப்புமா கருகிப்போச்சா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அவுக எங்கூட முகங்கொடுத்துப் பேசி ரெண்டு மாசமாச்சு மாமா. கல்யாண ஆல்பத்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாவ. நேத்து கேட்டேன். இந்தக் கல்யாணம் நடக்காம இருந்தா எங்கம்மா இருந்திருப்பான்னு சொல்லிட்டாவ. நான் என்ன மாமா செஞ்சேன்?" என்று கேட்டாள்.   "சிக்னல் சரியில்லத்தா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. நீயும் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் ஒரு வேடிக்கையைச் சொல்லி நழுவிவிடுவேன். உன் அம்மா ரத்தம் போவதை யாரிடமும் சொல்லவில்லை, உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று மறைத்துவிட்டாள் என்றுதான் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். ஊரும் அதைத்தான் நம்புகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். அது பொய், துரை. முதலிலேயே அவள் என்னிடம் சொன்னாள்.

போனில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் எனக்குக் கேலிதான் வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு வரி எழுதுவதற்குள் அடுத்த வரிக்கு நினைத்தது மறந்துபோகிறது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். இந்த நோட்டு உனக்குப் பழக்கமானதுதான். முன் பக்கங்களில் அவளுடைய மூத்திர அளவு இருக்கிறது. காலை இவ்வளவு, மதியம் இவ்வளவு, நிறம் என்ன என்று ஆஸ்பத்திரியில் எழுதிவரச் சொன்னார்கள் இல்லையா, அதே நோட்டு. மிச்சப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. நிறைய நாள் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பெரிய நோட்டாக வாங்கியிருந்தேன்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருதரம் சொல்லிக்கொள்கிறேன், வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். குற்றாலத்து அருவிக்கரையில் முப்பது வருஷம் எண்ணெய் தேய்த்தவன் நான். வெளியூரிலிருந்து குளிக்க வருகிறவர்களைக் கல்லில் உட்கார வைத்து, நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, முதுகைத் தட்டி, அருவிக்குள் அனுப்புகிற வேலை. முதுகைத் தொட்டால் ஆள் என்ன வேலை செய்கிறான் என்று சொல்லிவிடுவேன். லாரி ஓட்டுகிறவனுக்கு வலது தோள் ஒரு மாதிரி, பேங்கில் உட்காருகிறவனுக்கு இடுப்பு ஒரு மாதிரி. "என்ன சார், உங்க வீட்டம்மாவத் தோள்ல தூக்கிட்டா வந்திய, இப்படி எறங்கிக் கெடக்கு?" என்று கேட்டால் வலியோடு வந்தவன் சிரித்துக்கொண்டே இளகுவான். கூடத் தேய்க்கிறவர்கள் எல்லாம் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "டாக்டர், இவருக்குக் கழுத்துப் பிடிப்பு, கொஞ்சம் பாருங்க" என்று ஆளை அனுப்புவார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் கூப்பிட்டால் கேலிப் பேர் உள்ளே இறங்கிவிடுகிறது. நான் அதை நம்பிவிட்டேன்.

உனக்கு ஏழு வயதில் ஐந்தருவிப் படியில் வழுக்கி விழுந்தாயே, நினைவிருக்கிறதா? கை வீங்கிக்கொண்டே வந்தது. நான் சுளுக்கு என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நீ வீடு அதிரக் கத்தினாய். "கத்தட்டும், கத்தினாத்தான் சுளுக்கு விடும்" என்றேன். உன் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், மடியிலிருந்த தட்டை இலையும் தூளுமாகத் தரையில் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். "உங்க எண்ணெயக் கொண்டுபோய் அருவியில ஊத்துங்க. பிள்ளைக்கு எலும்பு ஒடிஞ்சிருக்கு, மனுஷன் வித்த காட்டுதாரு" என்று உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலகரத்து பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். தென்காசி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. உன் கை இன்று நேராக இருக்கிறதென்றால் அவள் அன்று என்னை நம்பாததால்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கு ஒன்று என்றபோது என்னை நம்பாமல் ஓடியவள், தனக்கு ஒன்று என்றபோது என்னை நம்பி உட்கார்ந்துவிட்டாள்.

உனக்கு நிச்சயம் முடிந்த ஆனி மாதம் அது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஓமமும் மிளகும் போட்டு அவள்தான் எண்ணெய் காய்ச்சித் தருவாள், தெரியும் இல்லையா. காலையில் புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இங்கேருங்க, ரெண்டு நாளா ஒண்ணுக்குப் போனா செவப்பா வருது. வலி ஒண்ணும் இல்ல." நான் சட்டையை மாட்டிக்கொண்டே, "பீட்ரூட்டு தின்னியாட்டி?" என்றேன். "வெளையாடாதிய. ரத்தம் மாதிரித்தான் இருக்கு" என்றாள். "நாள் பூரா பீடித் தட்ட மடியில வச்சிக்கிட்டு, கட்டு முடியுத வரைக்கும் ஒண்ணுக்குக்கூட எந்திரிக்காம கெடந்தா பின்ன பன்னீரா வரும்? சூடு. உடம்பு பூரா சூடு" என்றேன். மறுநாள் விடியற்காலையில் அவள் தலை நிறைய எண்ணெய் வைத்து, நானே ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் பக்கம் கூட்டம் இல்லை. அரை மணி நேரம் நின்றாள். உதடு நீலமாகி, பல் தந்தியடிக்க வெளியே வந்தாள். நாலு நாள் அப்படிச் செய்தோம். இளநீர், வெந்தயம், மோர் எல்லாம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ரத்தம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டதுதான் கெடுதலாகப் போயிற்று. நிற்காமல் போயிருந்தால் பயந்திருப்பேன். பின்னால் டாக்டர் சொன்னார்கள், இந்த மாதிரிக் கட்டியில் ரத்தம் கொஞ்ச நாள் வரும், தானாகவே நிற்கும், திரும்ப வரும், அது நிற்பதற்கும் நாம் செய்கிற வைத்தியத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்று. எனக்கு அது அன்று தெரியவில்லை. "பாத்தியா டாக்டர் கைய? ஃபீஸ் எடு" என்று கையை நீட்டினேன். அவள் என் உள்ளங்கையில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்தாள். அருவிக்கரையில் தேய்த்த வெளியூர்க்காரன் ஒவ்வொருவனிடமும் சொன்னேன், துரை. பெண்டாட்டிக்கு மூத்திரத்தில் ரத்தம் வந்தது, அருவியால் நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆடியில் திரும்ப வந்தது. இந்தத் தடவை கட்டி கட்டியாக வந்தது. அடிக்கடி எழுந்து போனாள், போய்விட்டு வந்தும் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அடிவயிறு கனக்கிறது என்றாள். படு என்று சொல்லி எண்ணெய் தொட்டு அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே, கொஞ்சம் இடது பக்கமாக ஒன்று தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. வாய்வுக் கட்டு என்று சொன்னேன். வாய்வு என்றால் அழுத்தினால் நகரும், களகளவென்று சத்தம் கொடுக்கும், இரண்டு நாளில் கலைந்துபோகும். எத்தனை வயிற்றில் பார்த்திருக்கிறேன். இது நகரவில்லை. பதினோரு நாள் தேய்த்தேன். தினமும் அவள், "எளகுதா?" என்று கேட்பாள். "எளகுது, எளகுது" என்பேன். இளகவில்லை, துரை. நாலாம் நாளே என் கைக்குத் தெரிந்துவிட்டது. இது நான் தொட்டுப் பழகிய எதுவும் இல்லை என்று விரல் சொன்னது. ஒருநாள் என்னையறியாமல் பேசாமலே தேய்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் தலையைத் தூக்கி, "என்ன, இன்னைக்கு ரேடியோ பாடல?" என்றாள். நான் உடனே, "உள்ள எவனோ ஒளிஞ்சிருக்கான், பேசினா உஷாராயிருவான்" என்றேன். சிரித்தாள். அவள் வயிறு குலுங்கியது, அந்தக் கட்டி மட்டும் என் உள்ளங்கைக்குக் கீழே குலுங்காமல் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எனக்கு மறக்கத் தெரியவில்லை.

இப்போது நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம் வருகிறது. அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, அவள் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "இங்கேருங்க, தென்காசிக்குப் போயி ஒரு தடவ காட்டிட்டு வந்துருவமா? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுக்குள்ள பாத்துக் குணமாக்கிக்கிட்டா மணவறையில நிம்மதியா நிப்பேன். பிள்ள கல்யாணத்துல நான் கக்கூஸுக்கும் மண்டபத்துக்கும் ஓடிக்கிட்டா இருப்பேன்?" துரை, உன் கல்யாணத்தைக் காரணம் சொல்லி அவள் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடவில்லை. உன் கல்யாணத்தைக் காரணம் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். போக வேண்டாம் என்று சொன்னது நான்.

ஏன் சொன்னேன்? சீசன் நேரம், கரையை விட்டு வர முடியாது என்று அவளிடம் சொன்னேன். அது சாக்கு. தண்ணீர் கூடி, அருவிக்கு முன்னால் பாதுகாப்புக்குக் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டி விழுந்து, குளிக்கவே தடை போட்டிருந்த நாள்கள் அந்த வாரத்திலேயே இரண்டு இருந்தன. நான் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டு காரணம். ஊருக்கெல்லாம் டாக்டர் என்று திரிந்தவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வைக்க வெட்கம். அது ஒன்று. இன்னொன்று பயம். கைக்குத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் சொல்லிவிடக்கூடாது என்று பயம். "அங்கன போனா சும்மா வுடுவானா? அந்த டெஸ்ட்டு இந்த டெஸ்ட்டுன்னு கல்யாணம் வரைக்கும் இழுத்துருவான். வாய்வுட்டி. நான் சொல்லுதேம்லா" என்றேன்.  அவள், "சரி, நீங்க சொன்னா சரி" என்று தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம். பச்சைப் பட்டு எடுத்துக் கொடுத்தாய், அவள் வேண்டாம் என்று அடம்பிடித்து அரக்கில் மாற்றி வாங்கினாள். "இந்த வயசுல ஒங்கம்மா கலர் பாக்குதா பாரு" என்று கடையில் எல்லார் முன்னாலும் நான்தான் கேலி செய்தேன். அரக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும். கறை தெரியாது. ஆல்பத்தில் அவள் நிற்கிற எல்லாப் படத்திலும் கை அடிவயிற்றில் இருக்கும். அதைப் பார்த்துத்தானே ஆல்பத்தைப் பரணில் போட்டாய்? இறக்கிவை. அதே படங்களில் அவளுக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவன் நிற்பான். பார்க்க வேண்டியது அவனை.

கார்த்திகையில் ஒருநாள் மூத்திரம் அடியோடு நின்றுவிட்டது. ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஆட்டோ கொண்டுவந்தார்கள். தென்காசியில் குழாய் போட்டு எடுத்துவிட்டு, ஸ்கேன் பார்த்து, உடனே திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். நீயும் வந்துவிட்டாய். அதற்கப்புறம் நடந்தது நீ பார்த்ததுதான். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள், பத்து நாள் காத்திருந்தோம். அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியது உனக்கு நினைவிருக்கும். "வழக்கமா மூத்திரப் பையில புற்று வந்தா உள்பக்கம் இருக்கிற தோல்லதான் வரும். இவங்களுக்குப் பையோட சுவர்ல இருக்கிற சதையிலிருந்து வந்திருக்கு. ரொம்ப அபூர்வம். நானே புத்தகத்துல படிச்சதுதான், நேர்ல இப்பதான் பாக்குறேன்" என்றார்கள். எதனால் வந்தது என்று நீ கேட்டாய். இன்னதால் என்று சொல்ல முடியாது என்றார்கள். நீ ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குச் சதை என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது. முப்பது வருஷமாக நான் பிசைந்துகொண்டிருந்த சதை. அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அதிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். "எவ்வளவு நாளா ரத்தம் போகுது?" நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா படுக்கையிலிருந்து சொன்னாள்: "ஆனியிலருந்து போவுதும்மா. நான் ஆருகிட்டயும் சொல்லல. பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருந்துச்சு, முடியட்டும்னு இருந்துட்டேன்." நீ அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியளா டாக்டர், கள்ளி, எங்கிட்டயே மறைச்சிருக்கா" என்றேன். சிரித்த முகமாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூத்திரப் பையை எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபின் அதை மாற்றுவது என் வேலை. நீ லீவு முடிந்து போன பிறகு முதல் வாரம் முழுக்க அந்தப் பை ஒட்டவே இல்லை. ஒட்டுவேன், அரை மணியில் கழன்று சேலையெல்லாம் நனையும். நாலு பை வீணாய்ப் போயிற்று. பை கெட்டுப்போன சரக்கு என்று நர்சம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர்கள் என் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். "ஐயா, எண்ணெய்ப் பசை இருந்தா ஒட்டாது. உங்க கையில எண்ணெய் ஊறிப் போயிருக்கு" என்றார்கள். சீயக்காய், பாத்திரம் துலக்குகிற சோப்பு, எல்லாம் போட்டுத் தேய்த்தேன். காய்ந்ததும் திரும்பப் பளபளக்கும். அன்றிலிருந்துதான் அருவிக்கரைக்குப் போவதை நிறுத்தினேன். அவளைப் பார்த்துக்கொள்வதற்காகத் தொழிலை விட்டேன் என்று நீ எல்லாரிடமும் சொன்னாய். கையில் எண்ணெய் வற்ற வேண்டும் என்பதற்காக விட்டேன். ஒன்றரை மாதம் ஆயிற்று, அதுவரை நர்சம்மாதான் வந்து ஒட்டிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் நான் ஒட்டினாலும் பை ஒட்டியது. அவள், "இப்பதான் கை மனுஷக் கை மாதிரி இருக்கு" என்று சொன்னாள்.

நுரையீரலுக்குப் போய்விட்டது என்று சொன்ன அன்று, உன்னைக் கீழே மருந்து வாங்க அனுப்பிவிட்டு டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். நான் வயிற்றைத் தேய்த்தேன் அம்மா, பதினோரு நாள், அதனால் பரவியிருக்குமா என்று கேட்டேன்.  "தேய்ச்சதால பரவுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். முதல் ரத்தத்துல வந்திருந்தா கட்டி சின்னதா இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார்கள். அந்தச் சின்னதா என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளாகத் தூங்கி எழுகிறேன்.

ஒருநாள் மதியம் பையைக் காலி செய்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னே என்று. தெரியாத மாதிரி, "எத?" என்றாள். பிறகு சொன்னாள்: "உங்களாலன்னு தெரிஞ்சா அவன் உங்க மொகத்துல முழிக்க மாட்டான். அவன் கோவம் எனக்குத் தெரியும். எனக்கப்புறம் உங்களுக்கு ஆரு இருக்கா? ஒங்க வாய்க்கு ஒரு வேள சோறு ஆரு போடுவா?" நான் சொன்னேன், அவன் தன்னால் என்று நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று. "அதெல்லாம் நெனைக்க மாட்டான். அம்மைக்கு நம்ம மேல இவ்வளவு உசிரான்னு பெருமையாத்தான் இருக்கும் அவனுக்கு" என்றாள். அவள் வாழ்க்கையில் தப்பாகப் போட்ட கணக்கு இந்த ஒன்றுதான். அதையும் எனக்காகப் போட்டாள். அவளுக்கு நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் இதை எழுத முடியாமல் போயிருக்கும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் தகப்பன் கடிதம் என்றால் நாலு புத்தி இருக்க வேண்டுமாமே, அதனால் சொல்கிறேன். மூத்திரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அடுத்த நாளே நின்றுவிட்டாலும், அன்றைக்கே போய்க் காட்டு. உனக்கு வந்தாலும் சரி, அந்தப் பிள்ளைக்கு வந்தாலும் சரி. சூடு என்று எவன் சொன்னாலும் கேட்காதே, முக்கியமாக என் மாதிரி சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் ஒன்றைச் சொன்னாள் என்றால் அதுதான் பெரிய விஷயம், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து கேள். என்னிடம் இருந்து நீ எடுத்துக்கொண்ட குணம் எது என்று யோசித்துப் பார்த்தேன். நான் சிரித்து மூடினேன், நீ பேசாமல் மூடுகிறாய். இரண்டும் ஒன்றுதான். உள்ளே கட்டி வளர்வது வெளியே தெரியாது. அந்தப் பிள்ளை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இளகுதா என்று. நீ அவளிடம் பொய் சொல்லாதே.

அதனால் முதலில் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவளே வாசிக்கட்டும். வாசித்து முடித்த பிறகு, தப்பாச் சொல்லிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடும். பிறகு என் மேல் கோபப்படு. அது உனக்கு உரியது. உன் அம்மா அதை ஒளித்து வைத்திருந்தாள், நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வருஷக் கணக்கில் பேசாமல் இருந்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. சோறு வடிக்கப் பழகிவிட்டேன், அவள் சாகுமுன்னே குழம்பு வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். உப்பு மட்டும் இன்னும் கைக்குப் பிடிபடவில்லை.

ஐப்பசியில் உன் அம்மாவுக்கு முதல் திதி வருகிறது. குற்றாலத்தில் அருவிக்கரையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. ஐயரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எள்ளும் தர்ப்பையும் அவரே கொண்டுவருவார். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வார்த்தை மெசேஜ் போடு. அன்று கடையத்தில் உன் அத்தை வீட்டில் இருந்துகொள்கிறேன். வரலாம் என்றால், அதையும் போடு. திதி அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கம் கிடையாது. அங்கே என் கைக்கு ஒரு வேலையும் இருக்காது, வாய்க்கும் இருக்காது. நீ நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறேன்.

அப்பா